குடிலைப் பிரித்த பிறகும் மகிழ்ச்சி

(வானொலி மறையுரை: ஆண்டவரின் திருமுழுக்கு விழா)



இன்று ஆண்டவரின் திருமுழுக்கு விழா. கிறிஸ்து பிறப்புக் காலம் இன்றோடு நிறைவடைகிறது. நாளை முதல் பொதுக்காலம். பல ஆலயங்களில் இந்த வாரம் குடிலைப் பிரித்துவிடுவார்கள். வைக்கோல் மாட்டுக்குப் போகும். சுரூபங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிடுவோம். பிள்ளைகள் மாட்டிக்கொண்டு வந்த வானதூதர் சிறகுகள் ஏதாவது ஓர் அறையின் மூலையில் அடுத்த டிசம்பர் வரை தூசி படிந்து கிடக்கும்.

குடிலைப் பிரித்த பிறகு, பிள்ளைகளிடையே நாம் செய்கிற பணியில் மகிழ்ச்சி மிஞ்சுகிறதா? மறைக்கல்வி ஆசிரியர்களையும் பீடச்சிறுவர்களை வழிநடத்துவோரையும், பிள்ளைகளைக் கையைப் பிடித்து ஆலயத்துக்கு அழைத்து வரும் பெற்றோரையும் மனத்தில் கொண்டு, இந்தக் கேள்வியை இன்று சிந்திப்போம்.

எங்கள் பங்கு இருக்கும் பகுதியைச் சொன்னால் கேள்வியின் கனம் புரியும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் செல்லும் சாலையை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள் இவை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. அதன் பிறகு கால் நூற்றாண்டுக்குள் மாத்தூர், வல்லம் வடகால், ஒரகடம், சுங்குவார்சத்திரம் என்று எங்கும் தொழிற்சாலைகள் எழுந்தன. கார், லாரி, மோட்டார் சைக்கிள், கைப்பேசி, கண்ணாடி எல்லாம் இங்கே உருவாகின்றன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் குடியிருப்பில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். ஒரு சிற்றூரின் மக்கள்தொகையைவிடப் பெரிய எண்ணிக்கை அது.

ஆகவே எங்கள் இறைமக்களில் பெரும்பாலோர் வந்து சேர்ந்தவர்கள். தூத்துக்குடி, கன்னியாகுமரி, விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் உண்டு. ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களிலிருந்து வந்த ஆதிவாசிக் கத்தோலிக்கக் குடும்பங்களும் உண்டு. எங்கள் மறைக்கல்வி ஆசிரியர்களில் பாதிப் பேர் ஷிஃப்ட் வேலை செய்பவர்கள். இரவு ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, ஆலயக் குழாயில் முகம் கழுவி, திருப்பலி முடிந்ததும் வகுப்பு எடுக்கிறவர்கள் அவர்களில் இருக்கிறார்கள்.

டிசம்பரில் இந்தப் பணி எப்படியிருக்கும் என்று உங்களுக்கும் தெரியும். ஒரு பக்கம் அரையாண்டுத் தேர்வு, மறுபக்கம் நாடக ஒத்திகை. மழை விட்டும் விடாமலும் பெய்யும். மரியாவாக நடிக்க வேண்டிய சிறுமிக்குக் காய்ச்சல் வரும். மூன்று ஞானிகளில் ஒருவர் பாட்டி வீட்டுக்குப் போய்விடுவார். ஆனாலும் பிள்ளைகள் வருவார்கள். கரோல் போக வண்டி இருக்கிறது, கேக் இருக்கிறது, மேடை இருக்கிறது, புத்தாடை இருக்கிறது.

சென்ற ஆண்டு ஒத்திகையின்போது இடையர்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் கேட்டோம்: ஊரே தூங்கும்போது அவர்கள் மட்டும் ஏன் விழித்திருந்தார்கள்? ஒரு சிறுவன் தயங்காமல் சொன்னான்: “அவங்களுக்கு நைட் ஷிஃப்ட், ஃபாதர்.” அவனுடைய அப்பா ஒரு கிடங்கில் இரவுக் காவலாளி.

இறையியல் கல்லூரியில் லூக்கா நற்செய்தியின் 2-ஆம் அதிகாரத்தைப் பல உரையாசிரியர்களின் துணையோடு படித்திருக்கிறோம். அந்த மீட்பரின் பிறப்புச் செய்தி முதலில் யாருக்குச் சொல்லப்பட்டது என்பதை அந்தச் சிறுவன் ஒரே சொல்லில் எங்கள் ஊருக்குக் கொண்டுவந்துவிட்டான். இரவில் கண்விழித்து வேலை செய்யும் தன் அப்பாவைப் போன்ற ஆட்களுக்கே அந்தச் செய்தி முதலில் வந்தது என்று அவனுக்கு அன்று புரிந்தது. எங்களுக்கும் புரிந்தது.

பிறகு ஜனவரி வந்தது. மேல்நாடுகளில் உறைபனியும் இருட்டுமாக இருக்கும் மாதம் இது. நமக்கு அப்படி இல்லை. ஆனாலும் தைப்பனி தரையைத் துளைக்கும் என்று நம் முன்னோர் சொன்னார்கள். எங்கள் பகுதியில் அது மனத்தையும் துளைக்கும் மாதம். கையிருந்த பணம் பண்டிகையோடு செலவாகியிருக்கும். நிதியாண்டின் கடைசிக் காலாண்டு என்று தொழிற்சாலைகளில் ஓவர்டைம் கூடும். பொங்கலுக்குச் சொந்த ஊர் போனவர்கள் மெதுவாகத்தான் திரும்புவார்கள். பிள்ளைகளுக்கு ஆலயத்தில் மேடையும் இல்லை, கேக்கும் இல்லை.

சென்ற ஆண்டு ஜனவரி மூன்றாம் ஞாயிறு அன்று ஓர் ஆசிரியை வந்து சொன்னார்: “ஃபாதர், டிசம்பர்ல நாப்பத்தஞ்சு பிள்ளைங்க இருந்தாங்க. இன்னிக்கு ஒம்பது பேர். நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு நேரா வரேன். இந்த ஒம்பது பேருக்காக எதுக்கு வரேன்னு தெரியல.”

அவர் குறை சொல்லவில்லை. களைத்துப் போயிருந்தார். இதைக் கேட்கிற மறைக்கல்வி ஆசிரியர்களில் பலர் தங்கள் மனக்குரலையே கேட்பதுபோல் உணர்வீர்கள்.

அன்பார்ந்தவர்களே, இந்தக் களைப்புக்கு இன்றைய நற்செய்தி ஒரு பதில் தருகிறது. யோர்தான் ஆற்றங்கரையை நினைத்துப் பாருங்கள். இயேசு தண்ணீரிலிருந்து ஏறி வருகிறார். தூய ஆவியார் புறாவைப் போல் இறங்குகிறார். இவரே தம் அன்பு மகன் என்றும், இவர்மேல் தாம் பூரிப்படைவதாகவும் தந்தை அறிவிக்கிறார். இது எப்போது நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். இயேசு இன்னும் ஒரு புதுமையும் செய்யவில்லை. மலைப்பொழிவு ஆற்றவில்லை. ஒரு சீடரைக்கூட அழைக்கவில்லை. நாசரேத்தில் தச்சராய் வாழ்ந்துவிட்டு, பாவிகளோடு வரிசையில் நின்று திருமுழுக்குப் பெற்றிருக்கிறார், அவ்வளவுதான். பணி தொடங்கும் முன்பே தந்தையின் மகிழ்ச்சி வந்துவிட்டது.

நம் பகுதியில் வேலை செய்கிறவர்களுக்கு இது விநோதமாகத் தோன்றும். இங்கே ஒவ்வொரு லைனிலும் ஒரு பலகை உண்டு. இன்றைய இலக்கு எவ்வளவு, இதுவரை முடித்தது எவ்வளவு, குறைபாடு எவ்வளவு என்று அதில் எண்கள் ஓடும். எண் கூடினால் பாராட்டு, குறைந்தால் விளக்கம் கேட்பார்கள். தொழிற்சாலைக்கு அது தேவைதான். ஆனால் அந்தப் பலகையை நம்மை அறியாமலே ஆலயத்துக்குள்ளும் கொண்டுவந்து மாட்டிவிடுகிறோம். நாடகத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், மறைக்கல்விப் போட்டியில் எத்தனை பரிசு, பக்கத்துப் பங்கைவிட நம் கரோல் பெரிதா என்று கணக்குப் பார்க்கிறோம். பிள்ளைகளை நாம் தயாரிக்கும் பொருளாக எண்ணத் தொடங்கினால், ஜனவரி மாதம் நமக்கு நட்டக் கணக்காகத்தான் தெரியும்.

தந்தையாம் இறைவன் தம் மகனைப் பார்த்த பார்வை வேறு. ஒரு பிள்ளை மந்திரங்களை மனப்பாடமாகச் சொல்வதற்கு முன்பே, ஒழுங்காக உட்காரக் கற்றுக்கொள்வதற்கு முன்பே, அது இறைவனின் மகிழ்ச்சியாக இருக்கிறது. அந்த மகிழ்ச்சியில் பங்குபெறவே நாம் அழைக்கப்பட்டிருக்கிறோம். வேலை முடிந்த பிறகு கிடைக்கும் கூலி என்று அதை நினைத்துக் காத்திருக்க வேண்டாம்.

இதை நம் தமிழ் மண்ணில் அனுபவித்து அறிந்தவர் புனித பிரான்சிஸ் சவேரியார். அவருடைய திருநாள் டிசம்பர் 3, திருவருகைக் காலத்தின் தொடக்க நாள்களில் வருகிறது. 1542-இல் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் அவருக்குத் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களின் துணையோடு விசுவாச அறிக்கையையும் கற்பனைகளையும் செபங்களையும் தமிழில் எழுதிக்கொண்டு, மனப்பாடம் செய்து, கையில் ஒரு மணியோடு கடற்கரை ஊர்களின் தெருக்களில் நடந்தார். மணியோசை கேட்டுப் பிள்ளைகள் கூடினார்கள். செபம் சொல்லிக் கொடுக்கும்வரை அந்தப் பிள்ளைகள் தம்மைச் சாப்பிடவோ தூங்கவோ விடுவதில்லை என்று அவர் எழுதினார். விண்ணரசு இத்தகையோரது என்பதன் பொருள் தமக்கு அப்போதுதான் விளங்கத் தொடங்கியது என்றும் எழுதினார்.

1544 ஜனவரி 15 அன்று கொச்சியிலிருந்து உரோமையிலுள்ள தம் சபைத் தோழர்களுக்கு அவர் எழுதிய கடிதத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது. நோயாளிகளின் வீடுகளுக்கு வந்து செபிக்கும்படி எல்லாப் பக்கமிருந்தும் அவரை அழைத்தார்கள். எல்லா இடத்துக்கும் ஒருவரால் போக முடியுமா? ஆகவே செபங்களைக் கற்றுக்கொண்ட பிள்ளைகளை அனுப்பினார். அவர்கள் வீடு வீடாகப் போய், வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி, விசுவாச அறிக்கை சொல்லி, நோயாளிகளுக்காகச் செபித்தார்கள். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்த அந்த அருள்பணியாளர், நம் கடற்கரைப் பிள்ளைகளைத் தம் உடன் பணியாளர்களாக ஏற்றுக்கொண்டார். பெற்றோருக்குக் கற்பிக்கும்படியும் அந்தப் பிள்ளைகளிடமே கேட்டுக்கொண்டார்.

பிள்ளைகளுக்காக நாம் பணி செய்கிறோம் என்று மட்டும் நினைக்கிறோம். பிள்ளைகளும் பணி செய்கிறார்கள் என்று சவேரியார் கண்டார். அதைக் கண்டவர்களுக்குத்தான் ஜனவரியிலும் மகிழ்ச்சி வற்றாது.

அந்த ஒன்பது பேருக்குத் திரும்புவோம். எங்கள் வகுப்பிலிருந்து ஒரு சிறுமி டிசம்பர் நடுவிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய அப்பா ஒப்பந்தத் தொழிலாளி. அந்த மாதம் ஒப்பந்தம் முடிந்து, புதுப்பிக்கப்படவில்லை. கிறிஸ்து பிறப்பு இரவுத் திருப்பலிக்குத் தாயும் மகளும் வந்தார்கள். உள்ளே வரவில்லை. மரத்தடியில், வண்டிகள் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் நின்றார்கள். எல்லாரும் புத்தாடையில் இருக்கும்போது அந்தச் சிறுமிக்கு உள்ளே வர மனமில்லை. இதைப் பெரியவர்களில் யாரும் கவனிக்கவில்லை. பிள்ளைகள் கவனித்திருந்தார்கள்.

அந்த ஜனவரி ஞாயிறு அன்று, வராதவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிச் செபித்தபோது, அந்தச் சிறுமியின் பெயரும் வந்தது. ஒன்பது பேரில் ஒருத்தி சொன்னாள்: “அடுத்த வாரம் நாம எல்லாரும் ஸ்கூல் யூனிஃபார்ம்ல வரலாமா, அக்கா? அது அவகிட்டயும் இருக்கு.” மற்ற எட்டுப் பேரும் சரி என்றார்கள். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அந்த வாரம் அவர்களில் மூன்று பேர் அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். அடுத்த ஞாயிறு வகுப்பில் பத்துப் பேர் இருந்தார்கள், பத்துப் பேரும் சீருடையில்.

பெண்ணைத் தேடி மூன்று பிள்ளைகள் வீட்டுக்கே வந்ததைப் பார்த்துத் தகப்பனும் ஆலயத்துக்கு வந்தார். அவருடைய நிலைமை அதன் பிறகுதான் அன்பியத்தினருக்குத் தெரிந்தது. அரிசியும் பள்ளிக் கட்டணமும் ஏற்பாடாயின. வேலைக்கு வழி சொல்லவும் ஆள் கிடைத்தது. வழி திறந்தவர்கள் பிள்ளைகள். எதற்காக வருகிறோம் என்று கேட்ட ஆசிரியை பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

திருச்சபை இதை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. 1843-இல் பிரான்சு நாட்டில் நான்சி மறைமாவட்ட ஆயர் போர்பின் ஜான்சன் திருப்பாலத்துவ சபையைத் தொடங்கினார். அவர் பிள்ளைகளிடம் கேட்டவை இரண்டு: நாளுக்கு ஓர் அருள்நிறை மந்திரம், மாதம் ஒரு சிறு காசு. தொலைவிலுள்ள பிள்ளைகளுக்குப் பிள்ளைகளே உதவலாம் என்பது அவருடைய எண்ணம். 1922-இல் அது திருத்தந்தையின் நேரடி ஆதரவு பெற்ற சபையாயிற்று.

ஜெர்மனியில் 1959 முதல் இன்னொரு வழக்கம் நாடு முழுவதும் ஒருங்கிணைந்து நடக்கிறது. திருக்காட்சி விழாவையொட்டி, குளிர் உச்சத்தில் இருக்கும் நாள்களில், மூன்று ஞானிகளைப் போல் உடுத்திய பிள்ளைகள் விண்மீன் ஏந்தி வீடு வீடாகப் பாடிச் செல்கிறார்கள். வாசல் நிலையில் சுண்ணக்கட்டியால் ஆசி எழுதுகிறார்கள். ஏழைப் பிள்ளைகளுக்காகக் காணிக்கை பெறுகிறார்கள். இதுவரை அவர்கள் திரட்டியது நூறு கோடி யூரோவுக்கும் மேல். புத்தாண்டின் ஆரவாரம் ஓய்ந்து பெரியவர்கள் வீட்டுக்குள் அடைந்துகொள்ளும் குளிரில் பிள்ளைகள் வெளியே போகிறார்கள். எங்கள் ஒன்பது பேரும் அவர்களின் உறவினர்கள்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நாம் பேசும் மகிழ்ச்சி துயரத்தைப் பார்க்காத மகிழ்ச்சி அன்று. திருவழிபாட்டு நாள்காட்டியைப் பாருங்கள். டிசம்பர் 25-க்கு மறுநாள் முதல் மறைச்சாட்சி புனித ஸ்தேவான். 28-ஆம் நாள் மாசில்லாக் குழந்தைகள். குடிலின் அருகிலேயே ஏரோதின் வாளையும் எகிப்துக்குத் தப்பியோடிய ஒரு குடும்பத்தையும் திருச்சபை நினைவுகூருகிறது. 2004 டிசம்பர் 26-ஐ நம் கடற்கரை மக்கள் மறக்க முடியுமா? கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள் காலை வேளாங்கண்ணி முதல் குளச்சல் வரை எத்தனை பிள்ளைகளைக் கடல் கொண்டுபோயிற்று! எங்கள் பகுதியிலும் இருண்ட டிசம்பர்கள் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய பெரிய கைப்பேசி ஆலையில் 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த ஆண்டின் குடில்களுக்கு முன் என்ன மனத்தோடு நின்றிருக்கும்! இங்கே இயந்திரங்கள் வரும், போகும். ஆனால் தன் பெயரைச் சொல்லித் தேடி வந்த ஒருவரைப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் மறக்காது.

ஆகவே அன்பார்ந்தவர்களே, இந்த ஜனவரியில் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

மறைக்கல்வி ஆசிரியர்களே, தலைகளை எண்ணுவதை இந்த மாதம் நிறுத்திவையுங்கள். வந்தவர், வராதவர் எல்லாருடைய பெயரையும் பிள்ளைகளோடு சேர்ந்து சொல்லிச் செபியுங்கள். யார் ஏன் வரவில்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரியும், அவர்களைக் கேளுங்கள். வேறு மொழி பேசும் பிள்ளை இருந்தால், அதன் தாய்மொழியில் வணக்கம் சொல்ல மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். இரவு வேலை முடித்து வருகிறீர்கள் என்றால் மாதத்தில் ஒரு ஞாயிறு ஓய்வெடுங்கள். ஓய்வுநாளை ஏற்படுத்தியவர் ஆண்டவர்தான்.

பங்குப் பேரவையினரே, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை ஜனவரிக்கு வைத்திருங்கள். அவித்த சுண்டல், தேநீர், ஆசிரியர்களின் பஸ் கட்டணம், இரண்டு நல்ல படப்புத்தகங்கள் போதும். ஷிஃப்ட் மாறும் வாரங்களுக்கு ஏற்ப வகுப்பு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். தொலைவிலுள்ள தெருக்களில் அன்பிய வீடுகளிலேயே வகுப்பை நடத்தலாம்.

இன்னொன்றும் கட்டாயம். பிள்ளைகளோடு எப்போதும் பெரியவர் இருவர் இருக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் நாட்டின் சட்டம். அதற்கும் மேலாக, பாதுகாப்பு இல்லாத இடத்தில் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி இருக்க முடியாது.

பெற்றோரே, ஓவர்டைம் முடித்துக் களைத்து வருகிறீர்கள், அறிவோம். ஆனாலும் ஞாயிறு வகுப்பு முடிந்து வரும் பிள்ளையிடம், “இன்னிக்கு யாரு வரல?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி உங்கள் பிள்ளையை மற்றவரைத் தேடும் பிள்ளையாக வளர்க்கும்.

இன்னும் சில நாள்களில், பிப்ரவரி 2 அன்று, ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக அளித்த விழா வரும். வானதூதர் பாடல் ஓய்ந்து நாற்பது நாள் ஆன பிறகு, கூட்டமோ விண்மீனோ இல்லாத ஒரு சாதாரண நாளில், முதியவர் சிமியோன் அந்தக் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார். 84 வயது அன்னாவும் அங்கே வந்து சேர்ந்தார். அவர்கள் இருவருக்கும் கிறிஸ்து பிறப்பு அன்றுதான் நிகழ்ந்தது. அவர்கள் கோவிலுக்கு வருவதை நிறுத்தாமல் இருந்தார்கள். அதனால் குழந்தை அவர்கள் கைக்கு வந்தது.

செபிப்போமாக. எங்கள் அன்புத் தந்தையே, உம் மகனில் நீர் கொண்ட மகிழ்ச்சியை, உம் பிள்ளைகளிடையே உழைக்கும் அனைவருக்கும் தாரும். இரவு வேலை செய்வோரைக் காத்தருளும். வேலை இழந்தோருக்கு வழி திறந்தருளும். இன்று வகுப்புக்கு வராத ஒவ்வொரு பிள்ளையையும் நாங்கள் பெயர் சொல்லித் தேடும் மனம் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக மன்றாடுகிறோம்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார், உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் நிறைவாய் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.